இனி ஒருவரும் தனியாகப் பொலிஸுக்குப் போகக் கூடாது

தோழர்களே,

கண்டியிலும் பேராதனையிலும் கம்பளையிலும் கலஹாவிலும் தெல்தெனியவிலும் செய்தி தேடித் திரியும் உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறீர்களா, சிங்களத்திலா, வீடியோ எடுத்து அனுப்புகிறீர்களா என்பது இப்போது முக்கியமில்லை. தகவல் திணைக்களத்தின் அடையாள அட்டை உங்களிடம் இருக்கிறதா என்பதும் முக்கியமில்லை. நாளைக் காலை பொலிஸிலிருந்து அழைப்பு வந்தால் உங்களோடு கூட வர யார் இருக்கிறார்கள்? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். கொவிட் ஊரடங்கு. கட்டுகஸ்தோட்டையில் ரம்ஸி ராசிக் என்ற ஓய்வுபெற்ற அரச அலுவலர் தன் வீட்டிலிருந்தபடி முகநூலில் சிங்களத்தில் எழுதிக்கொண்டிருந்தார். முஸ்லிம்கள்மீது பரப்பப்படும் வெறுப்புக்கு எதிராகக் கருத்துத் தளத்தில் போராட வேண்டும், அதற்குப் பேனாவும் கீபோர்ட்டும் போதும் என்ற பொருளில் ஒரு பதிவு போட்டார். அதில் 'ஜிஹாத்' என்ற சொல் இருந்தது. உடனே கொலை மிரட்டல்கள் வந்தன. பாதுகாப்புக் கேட்டு அவர் பொலிஸில் முறையிட்டார். மிரட்டியவர்களைத் தேடிப் போக வேண்டியவர்கள் முறையிட்டவரையே கைது செய்தார்கள். ஏப்ரல் 9ஆம் தேதி உள்ளே போனவர் பிணையில் வெளியே வரச் செப்டெம்பர் ஆகிவிட்டது. அந்தக் கைது சட்டவிரோதம், அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் நட்டஈடு வழங்கச் சொன்னது 2023 நவம்பரில். மூன்றரை வருடம் கழித்து வந்த நியாயம்.

அவர் நம் தொழிலில் இல்லை, நமக்கென்ன என்று சொல்லாதீர்கள். எழுதியதற்காகத்தான் அவரைப் பிடித்தார்கள். பொலிஸ் வாசலுக்குப் போகுமுன் தட்டுவதற்கு ஒரு கதவு இந்த மாவட்டத்தில் அவருக்கு இருந்ததா? "நில்லுங்கள், சட்டத்தரணியோடு வருகிறோம், ஒன்றாகப் போவோம்" என்று சொல்ல ஓர் அமைப்பு இருந்ததா? இன்றைக்கு உங்களுக்கு இருக்கிறதா?

சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 2007 டிசெம்பர் 27ஆம் தேதி அமைச்சர் மேர்வின் சில்வா ஆட்களோடு அரச தொலைக்காட்சியான ரூபவாஹினிக்குள் புகுந்தார். தன் பேச்சை ஒளிபரப்பவில்லை என்பது கோபம். செய்திப் பணிப்பாளரைத் தாக்கினார்கள். கட்டடத்திலிருந்த ஊழியர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. திரண்டு வந்து, அமைச்சரையே ஓர் அறைக்குள் மறித்து வைத்தார்கள். நாடு முழுக்க அதைத் திரையில் பார்த்தது. அதிகாரத்தின் உச்சியில் இருந்த ஆள், ஒலிவாங்கி பிடிக்கிறவர்களும் வயர் இழுக்கிறவர்களும் சூழ நின்றதால், பொலிஸ் காவலோடு வெளியேற வேண்டியதாயிற்று.

அடுத்த சில வாரங்களில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முடியும். அன்று எதிர்த்து நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குறிவைக்கப்பட்டார்கள். வேலைக்கு வரும் வழியில், வீடு திரும்பும் வழியில், தனியாக மாட்டிய இடத்தில் அடித்தார்கள், வெட்டினார்கள். கட்டடத்துக்குள் கூட்டமாக நின்றவர்களை அமைச்சராலேயே தொட முடியவில்லை. அதே ஆட்கள் தெருவில் தனியாக அகப்பட்டபோது இரத்தம் சிந்தினார்கள். இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

சங்கத்தைக் கட்டுகிறவனையும் விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. உழைக்கும் பத்திரிகையாளர் சங்கத்தின் செயலாளர் போத்தல ஜயந்த, கொல்லப்பட்ட பத்திரிகையாளர்களுக்காகத் தெருவில் இறங்கி நின்றவர். போர் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 2009 ஜூன் 1ஆம் தேதி அவரை நுகேகொடைப் பக்கம் வேனில் தூக்கிப் போனார்கள். காலை அடித்து முறித்தார்கள், தலைமுடியையும் தாடியையும் வெட்டி, வழியில் வீசினார்கள். பிறகு அவர் நாட்டை விட்டே போக வேண்டி வந்தது. பயப்படுத்த வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. ஒரு சங்கச் செயலாளரின் காலை உடைக்குமளவுக்கு அவர்கள் அந்தச் சங்கத்துக்கு அஞ்சினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஜனவரி மாதத்தை நாம் 'கறுப்பு ஜனவரி' என்று அனுட்டிப்பது ஏன் என்று இளைய தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். 2009 ஜனவரி 6இல் சிரச தொலைக்காட்சி நிலையத்தை அடித்து நொறுக்கினார்கள். இரண்டு நாள் கழித்துப் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க வேலைக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். ஆனால் ஜனவரி 24 என்ற ஒரே தேதியைப் பாருங்கள். 2006 ஜனவரி 24, திருகோணமலையில் 'சுடர் ஒளி' செய்தியாளர் சுகிர்தராஜன் வேலைக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றபோது சுடப்பட்டார். அந்த மாதத் தொடக்கத்தில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்கள் குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று சொல்லப்பட்டபோது, அவர்களின் உடலில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருப்பதைப் படம் எடுத்துக் காட்டியவர் அவர். 2010 ஜனவரி 24, கேலிச்சித்திரக்காரரும் கட்டுரையாளருமான பிரகீத் எக்னலிகொட காணாமல் ஆக்கப்பட்டார். மனைவி சந்தியா இன்றுவரை நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கிறார். 2024 ஜனவரி 24, நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 108க்கு 62 என்ற வாக்கில் நிறைவேற்றியது. தேதி தற்செயலாகவே இருக்கட்டும். அன்றைக்கு வாக்களித்தவர்களில் ஒருவருக்காவது அது என்ன நாள் என்று உறுத்தியிருக்குமா?

அந்தச் சட்டம் நம் கைத்தொலைபேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. எது பொய், எது மெய் என்று ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழு சொல்லும். 24 மணித்தியாலத்துக்குள் நீக்கச் சொல்லி அறிவித்தல் வரும். சில குற்றங்களுக்கு ஐந்து வருடம் வரை சிறை. கொழும்பில் பெரிய பத்திரிகைக்குச் சட்டப் பிரிவு இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தெல்தெனியவில் ஒரு பிரதேச சபைக் கொடுக்கல்வாங்கலைப் பற்றி யூடியூப்பில் போடுகிற பையனுக்கு யார் இருக்கிறார்கள்? ஆட்சி மாறிய பிறகு அந்தச் சட்டத்தைத் திருத்துவோம் என்றார்கள். திருத்துகிற மேசையில் நம் பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லாவிட்டால், திருத்தம் யாருக்குச் சாதகமாக வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இதில் ஒரு நேர்மையான கேள்வியை நாம் தவிர்க்கக் கூடாது. சட்டத்தை ஆதரித்தவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்று நம் ஊர்தான். 2018 மார்ச், திகன. தெல்தெனியவில் தாக்கப்பட்ட ஒரு லொறிச் சாரதி இறந்தார். அதைச் சாட்டி முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. முகநூலில் வதந்தி நெருப்பை விட வேகமாக ஓடியது. 2020இல் பேஸ்புக் நிறுவனமே தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. அன்று அரசு என்ன செய்தது? அவசரகால நிலையைக் கொண்டுவந்து, மார்ச் 7இல் முகநூல், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் மூடியது. வதந்தி மட்டுமா நின்றது? "அந்தப் பள்ளி எரியவில்லை, நான் இப்போது அங்கேதான் நிற்கிறேன்" என்று சொல்லக்கூடிய நம் குரலும் சேர்ந்து நின்றது. வெறுப்பைத் தூண்டுகிறவர்களைப் பிடிக்க 2007இலேயே ஐசிசிபிஆர் சட்டம் என்ற ஒன்று கையில் இருந்தது. அதை எடுத்துக் கட்டுகஸ்தோட்டை ரம்ஸி ராசிக்மீது போட்டார்கள். ஆகவே சட்டம் போதாமல் இல்லை. உண்மையைச் சொல்ல ஊரில் நிற்கும் செய்தியாளருக்குப் பின்னால் ஆட்கள் போதாமல்தான் இருக்கிறது.

இனி நம் வீட்டுக் குப்பையைக் கொஞ்சம் கிளறுவோம். சங்கம் என்ற பெயரில் நம்மிடையே என்ன நடக்கிறது? வருடத்துக்கொரு விருது விழா. அமைச்சர் வருவார், பொன்னாடை போர்த்துவார். லேப்டொப், மோட்டார் சைக்கிள் கடன் என்று அறிவிப்பு வரும், பெயர்ப் பட்டியலுக்காக நாம் அடிபடுவோம். தோழர் ஒருவர் தாக்கப்பட்டால் கண்டன அறிக்கை ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். நாமும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவோம். கண்டன அறிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பதுதான் நம்மை அழிக்கிறது.

இன்னொன்று, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். தமிழ்ச் செய்தியாளர்களுக்கு ஓர் ஒன்றியம், முஸ்லிம்களுக்கு ஒரு மன்றம், சிங்களத் தோழர்களுக்கு வேறொன்று என்று நாம் பிரிந்து கிடக்கிறோம். இந்தப் பிரிவு வானத்திலிருந்து விழவில்லை. போர்க்காலத்தில் கொல்லப்பட்டும் காணாமல் ஆக்கப்பட்டும் போன ஊடகத்தாரில் பெரும்பாலோர் தமிழர். 2000 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு நேரத்தில் தன் வீட்டில் எழுதிக்கொண்டிருந்த நிமலராஜன், 2004இல் மட்டக்களப்பில் நடேசன், 2006 மே 2இல் உதயன் அலுவலகத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்ட இரண்டு ஊழியர்கள். அப்போதெல்லாம் கொழும்பில் எழுந்த குரல் போதுமானதாக இருக்கவில்லை என்ற வருத்தம் நம்மிடம் உண்டு. நியாயமான வருத்தம்தான். ஆனால் சிவராமை நினைத்துப் பாருங்கள். 1980களின் தொடக்கத்தில் இந்தப் பேராதனைக்குப் படிக்க வந்து, படிப்பை முடிக்காமல் போனவர், பிறகு 'தராக்கி' என்ற பெயரில் நாடறிந்த பத்தியாளர். 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டியில் அவர் கடத்தப்பட்டபோது உடனிருந்தவர் ஒரு சிங்களப் பத்திரிகையாளர். கொலையாளிகள் நம்மை மொழிவாரியாகப் பிரித்து வைத்துத்தான் எண்ணினார்கள். அந்தக் கணக்கை நாமும் தொடர வேண்டுமா?

இந்த மலைக்கு இது புதிய பாடமுமில்லை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை கண்டியில் பிறந்து வளர்ந்த வழக்கறிஞர். பேராதனையில் படித்த கைலாசபதி 1959இல் தினகரன் ஆசிரியரானார். தோட்டங்களுக்குள் வெளியார் கால் வைக்க முடியாத காலத்தில் கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' நடத்தினார், அதே கையோடு 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கமும் அமைத்தார். அவருக்குப் பத்திரிகை வேறு, சங்கம் வேறு என்றிருக்கவில்லை. லயத்தின் நிலைமையை எழுதிக்கொண்டே தன் சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிற நம் தலைமுறை அவர் முன்னால் நிற்கக் கூச்சப்பட வேண்டும்.

சம்பளம் என்றேன் அல்லவா, அதைச் சற்று நின்று பார்ப்போம். நம்மில் பெரும்பாலானோர் பிராந்தியச் செய்தியாளர்கள். பிரசுரமான செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. அனுப்பியது பத்து, வந்தது மூன்று என்றால் மூன்றுக்குத்தான் காசு. கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் மண் சரிந்தது என்று கேள்விப்பட்டுப் போகிறோம். கண்டியிலிருந்து பஸ், அதற்குமேல் ஆட்டோ, ஆட்டோ போகாத இடத்தில் நடை. படம், வீடியோ, குரல்பதிவு, அனுப்ப டேட்டா. எல்லாம் நம் கைக்காசு. மாத முடிவில் வருகிற தொகை அந்த ஒரு நாள் செலவுக்கே காணாது. நியமனக் கடிதம் இல்லை. சேமலாப நிதி இல்லை, நம்பிக்கை நிதியம் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, பாதை அறுந்த ஊர்களிலிருந்து முதல் செய்தியைக் கொடுத்தவர்கள் நம் ஆட்கள்தான். அவர்களில் ஒருவர் அந்தச் சரிவில் காலை முறித்துக்கொண்டிருந்தால் ஆஸ்பத்திரிச் செலவை யார் கேட்டிருப்பார்?

இது வயிற்றுப் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். செய்திக்குச் செய்தி கூலி வாங்குகிறவனால் ஒரு தோட்டக் கம்பனியையோ ஒரு பிரதேச அரசியல்வாதியையோ எவ்வளவு நாள் பகைத்துக்கொள்ள முடியும்? விளம்பரதாரர் ஒரு அழைப்பு எடுத்தால் மறுநாள் அவன் செய்தி வராது, செய்தி வராவிட்டால் காசும் வராது. பத்திரிகைச் சுதந்திரத்தை முதலில் நசுக்குவது சிறையல்ல, அந்த வெறும் சம்பளக் கவர்தான்.

சங்கங்கள் எதையும் சாதித்ததில்லை என்று அலுத்துக்கொள்கிற தோழர்களுக்குச் சில விடயங்கள். நம் நாட்டில் ஒரு காலத்தில் ஜனாதிபதியை அவதூறு செய்தார் என்று பத்திரிகை ஆசிரியருக்குக் குற்றவியல் தண்டனை வழங்கினார்கள். பத்திரிகை ஆசிரியர் சங்கமும் சுதந்திர ஊடக இயக்கமும் பத்திரிகை நிறுவனங்களும் 1998இல் கொழும்புப் பிரகடனத்தில் ஒன்றுசேர்ந்து, அந்தச் சட்டத்தை நீக்கும்படி கேட்டுக்கொண்டே இருந்தன. 2002 ஜூனில் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டது. அதே விடாப்பிடியில்தான் 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2025 ஜனவரி இறுதியில் லசந்த வழக்கில் சாட்சியத்தை மறைத்ததாகவும் சாரதியைக் கடத்தியதாகவும் சந்தேகிக்கப்பட்ட மூவரை விடுவிக்கலாம் என்று சட்டமா அதிபர் எழுதினார். லசந்தவின் மகள் குரல் கொடுத்தார், ஊடக அமைப்புகள் தெருவுக்கு வந்தன. சில நாட்களிலேயே அந்த முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. கொலையாளி இன்னும் தண்டிக்கப்படவில்லை, உண்மை. ஆனால் அன்று எல்லாரும் வீட்டில் இருந்திருந்தால் அந்தக் கோப்பு சத்தமில்லாமல் மூடப்பட்டிருக்கும்.

அக்கரையில் 1988இல் ராஜீவ் காந்தி அரசு அவதூறு மசோதா கொண்டுவந்து மக்களவையில் நிறைவேற்றியே விட்டது. நிருபரும் ஆசிரியரும் முதலாளியும்கூட டில்லி வீதியில் ஒன்றாக நடந்தார்கள். மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். காஸாவுக்குள் வெளிநாட்டுச் செய்தியாளர்களை விடாத நிலையில், கொல்லப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்ட உள்ளூர்ச் செய்தியாளர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தொகுத்து உலகத்தின் முன் வைப்பவர்களில் பலஸ்தீனப் பத்திரிகையாளர் சங்கமும் ஒன்று. 1926இல் பாரிஸில் தொடங்கிய சர்வதேசப் பத்திரிகையாளர் சம்மேளனத்தில் அவர்களும் உறுப்பினர்கள். சங்கம் இல்லாத ஊரில் செத்தவனின் பெயர்கூடச் சரியாக எழுதப்படாது.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கண்டி மாவட்டத்துக்கு மும்மொழிச் செய்தியாளர் சங்கம் ஒன்று, தொழிற்சங்கமாகவே பதிவு செய்யப்பட வேண்டும். கழகம், மன்றம், நண்பர் வட்டம் எதுவும் வேண்டாம். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்திட்டால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஏழு பேர்! ஒரு செய்தியாளர் மாநாட்டில் தேத்தண்ணி குடிக்க அதைவிட அதிகமாகக் கூடுகிறோம். தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. பேச்சுச் சுதந்திரமும் அதே உறுப்புரையில்தான்.

தேசிய அமைப்புகளை விட்டு விலகச் சொல்லவில்லை. அவற்றில் இருங்கள், சந்தா கட்டுங்கள், கேள்வி கேளுங்கள். ஆனால் இரவு பதினொரு மணிக்குக் கம்பளையில் ஒருவரை விசாரணைக்கு அழைத்தால் கொழும்பிலிருந்து ஆள் வந்து சேர விடிந்துவிடும். அதற்கு இங்கேயே ஆள் வேண்டும். யாருக்கு அழைப்பு வந்தாலும் முதல் வேலை சங்கத்துக்கு அறிவிப்பது, இரண்டு தோழர்களும் ஒரு சட்டத்தரணியும் இல்லாமல் எவரும் பொலிஸ் படி ஏறுவதில்லை என்பது நம் முதல் விதியாக இருக்கட்டும். அவர் நமக்குப் பிடிக்காதவராக இருக்கலாம், போட்டிப் பத்திரிகைக்காரராக இருக்கலாம், நேற்று நம் செய்தியைத் திருடியவராகவும் இருக்கலாம். போக வேண்டும். கணக்கு வழக்கை வெளியே வந்த பிறகு தீர்த்துக்கொள்ளலாம்.

அரசியல்வாதியிடம் ஒரு சதம் வாங்காத சட்ட உதவி நிதி ஒன்றை மாதச் சந்தாவிலிருந்தே தொடங்குவோம். சிறியதாக இருக்கட்டும், நம்முடையதாக இருக்கட்டும். எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே கடிதம் போகட்டும்: நியமனக் கடிதம், குறைந்தபட்ச மாதக் கொடுப்பனவு, பயணச் செலவு, சேமலாப நிதி, விபத்துக் காப்புறுதி. தனித்தனியாகக் கேட்டால் "உங்களுக்குப் பதில் வேறு ஆள் இருக்கிறார்" என்பார்கள். அந்த வேறு ஆளும் நம் சங்கத்தில் இருந்தால் என்ன சொல்வார்கள்?

தகவல் கோருவதையும் ஒன்றாகச் செய்வோம். மண்சரிவில் வீடிழந்தவர்களின் பட்டியலைப் பிரதேச செயலகத்தில் தனி ஆளாகக் கேட்டால், மாலையே யாராவது தொலைபேசியில் "ஏன் தம்பி இந்த வேலை?" என்பார்கள். தகவல் சட்டத்தில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் இலங்கைப் பிரஜைகளாக உள்ள எந்த அமைப்பும் விண்ணப்பிக்கலாம். சங்கத்தின் பெயரில், மூன்று மொழியிலும் விண்ணப்பம் போகட்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடும் சங்கத்தின் பெயரிலேயே போகும். மிரட்ட விரும்புகிறவர் யாருடைய எண்ணுக்கு அழைப்பார் என்று பார்ப்போம்.

வரும் போயா விடுமுறையன்று காலை பத்து மணிக்குப் பேராதனை கலஹா சந்திக்கு வாருங்கள். சிங்களத் தோழர் ஒருவரையாவது கூட்டி வாருங்கள், பெண் செய்தியாளர்களை வாசலில் வரவேற்க மட்டும் அழைக்காமல் நிர்வாகத்தில் உட்கார அழைத்து வாருங்கள். தேசிய அடையாள அட்டை, கடைசியாக வந்த கொடுப்பனவுச் சீட்டு, யாராவது உங்களை மிரட்டியிருந்தால் அந்தக் குறுஞ்செய்தியின் பிரதி, இவை மூன்றையும் மறக்காதீர்கள். பதிவுப் படிவம் எங்களிடம் இருக்கிறது. முதல் நான்கு கையெழுத்து விழுந்துவிட்டது. இன்னும் மூன்று வேண்டும்.